வக்ஃபின் காவல்: பத்திரம், பதிவேடு, பொறுப்பாளர்

கைபர் வெற்றிக்குப் பின் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மதிப்புள்ள சொத்து அதுவரை தமக்கு வாய்த்ததில்லை என்றும், அதை என்ன செய்வது என்றும் அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். விரும்பினால் நிலத்தை அப்படியே நிறுத்திவைத்து, அதன் விளைவைத் தர்மம் செய்யலாம் என்று வழி காட்டப்பட்டது. விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ளவோ இயலாது என்னும் நிபந்தனையுடன் உமர் (ரலி) அவர்கள் அந்நிலத்தின் பயனை ஏழைகளுக்கும் உறவினர்க்கும் அடிமைகளின் விடுதலைக்கும் வழிப்போக்கர்க்கும் விருந்தினர்க்கும் உரியதாக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற இச்செய்தியை வக்ஃபைப் பற்றிய எந்தச் சொற்பொழிவிலும் நாம் கேட்கிறோம்.

சொற்பொழிவுகளில் அதிகம் கேட்காத பகுதி ஒன்று அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது தம் வக்ஃபை எழுத்தில் பதிவு செய்தார்கள். முஐகீப் (ரலி) அதனை எழுதினார்கள். அப்துல்லாஹ் இப்னு அல்அர்கம் (ரலி) சாட்சியாக இருந்தார்கள். எந்தெந்த நிலம், கைபரில் எத்தனை பங்கு, யார் பொறுப்பாளர், அவருக்குப் பின் யார் என்பனவெல்லாம் அதில் வரிசையாகச் சொல்லப்பட்டன. முதல் பொறுப்பாளராகக் குறிக்கப்பட்டவர் அவர்களின் மகளார், நம் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்கள். பொறுப்பேற்பவர் முறையான அளவில் அதிலிருந்து உண்ணலாம். பொருள் சேர்க்கலாகாது என்றும் வரம்பு கட்டப்பட்டது. அந்தப் பத்திரத்தைத்தான் உமர் (ரலி) அவர்களின் கொள்ளுப்பேரர் பிற்காலத்தில் ஒருவருக்கு நகலெடுத்துக் கொடுத்தார். அந்நகலின் வழியாகவே இன்று நாம் அதை அறிகிறோம்.

இந்த ஒரு செய்தியில் வக்ஃபைக் காக்கும் மூன்று அரண்களையும் காணலாம். கொடையின் தன்மையையும் எல்லையையும் சொல்லும் பத்திரம். அப்பத்திரத்தைத் தலைமுறை தாண்டிக் கொண்டு செல்லும் பதிவு. வரம்புக்குட்பட்டு நடக்கும் பொறுப்பாளர். இம்மூன்றும் ஒருசேர நின்ற இடங்களில் வக்ஃபு நூற்றாண்டுகளைக் கடந்து வாழ்ந்தது. இவற்றில் ஒன்று சரிந்தபோது மற்ற இரண்டும் வெகுநாள் தாங்கவில்லை. இந்திய முஸ்லிம்களின் சொத்துரிமை குறித்தும் வக்ஃபுச் சட்டங்கள் குறித்தும் அண்மைக் காலத்தில் எழுந்துள்ள விவாதங்களை இந்த அடிப்படையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரிமை யாருக்கு?

வக்ஃபு செய்யப்பட்ட சொத்தின் உரிமை யாரைச் சேர்கிறது என்ற வினா மார்க்கச் சட்ட அறிஞர்களிடையே ஆழமாக ஆராயப்பட்டது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், பொதுவாக உரிமை வக்ஃபு செய்தவரிடமே தங்குகிறது. நீதிபதியின் தீர்ப்பு போன்ற சில சூழல்களில்தான் அது மாற்ற முடியாததாகிறது என்றார்கள். அவர்களின் மாணாக்கர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்), உரிமை அவரை விட்டு நீங்கி அல்லாஹ்வுக்கே உரியதாகிவிடுகிறது என்று கருதினார்கள். வாயால் அறிவித்தாலே போதும் என்றார் அபூயூசுஃப். பொறுப்பாளரிடம் ஒப்படைக்கவும் வேண்டும் என்றார் முஹம்மத். ஷாஃபிஈ மத்ஹபிலும் உரிமை அல்லாஹ்வுக்கு மாறுகிறது என்பதே வலுவான கருத்து. ஷாஃபிஈகள் மிகுந்த நம் கடற்கரை ஊர்களிலும், ஹனஃபிகள் மிகுந்த உள்நாட்டு ஊர்களிலும் இவ்விரு மரபுகளே வழங்கி வருகின்றன.

மனிதர் எவருக்கும் சொந்தமில்லை என்னும் இக்கோட்பாடே வக்ஃபின் வலிமை. அதன் பலவீனமும் அதுவே. தனி ஒருவரின் சொத்தை மற்றவர் பறித்தால் அவரே வழக்காட வருவார். எவருக்கும் சொந்தமில்லாத சொத்து பறிபோனால் யார் வருவது? பயன் பெறவேண்டிய அநாதைகளும் விதவைகளும் வருவார்களா? இந்த வினாவை முதலில் உணர்ந்து செயல்பட்டவர்களுள் ஒருவர் எகிப்தின் காஜியாக இருந்த தவ்பா இப்னு நமிர். உமையா கலீஃபா ஹிஷாமின் காலத்தில், ஹிஜ்ரி 118இல், வக்ஃபுகளுக்கெனத் தனியாக ஒரு திவானை அவர் ஏற்படுத்தினார். வக்ஃபுகளின் இறுதிப் பயனாளிகள் ஏழைகளே என்பதால், அவை அழிந்துபோகாமலும் வாரிசுச் சொத்தாக மாறிவிடாமலும் காக்கும் பொருட்டுத் தாமே பொறுப்பேற்பதாக அவர் காரணம் கூறினார். அடுத்த நூற்றாண்டில் கஸ்ஸாஃப் (ரஹ்) அவர்கள் வக்ஃபின் சட்டங்களுக்கென்றே தனி நூல் எழுதினார்கள். வக்ஃபுச் சொத்தைப் பதிவு செய்து கண்காணிப்பது புதிய அரசுகள் புகுத்திய கருத்து என்று நம்மில் சிலர் நினைப்பதுண்டு. அது நம் சொந்த மரபே.

தமிழ் மண்ணில் வக்ஃபு

தமிழகத்தில் இக்கொடை மரபு வேரூன்றியபோது அதற்கென ஒரு தமிழ்ச்சொல் ஆயத்தமாக இருந்தது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்பது பழைய வழக்கு. பாண்டியர் காலத்தில் அச்சொல் முஸ்லிம்களின் பள்ளிக்கும் வழங்கலாயிற்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருப்புல்லாணிக் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த பிழார்ப்பள்ளி என்னும் சோனகர் பள்ளிக்குப் பாண்டிய மன்னன் நிலம் அளித்ததைப் பதிவு செய்கிறது. பெருமாள் கோயிலின் கல்லில் பள்ளிவாசலின் சொத்துரிமை எழுதப்பட்டிருக்கிறது! கடற்கரை வணிகச் சமுதாயம் அரசனின் நம்பிக்கைக்கு உரியதாக இருந்ததையும், அதன் அறச்சொத்துக்கு நாட்டு வழக்கப்படியே காவல் கிடைத்ததையும் இது காட்டுகிறது.

மதுரை கோரிப்பாளையம் தர்காவின் 1573ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பாண்டிய மன்னர் ஒருவர் முன்னர் வழங்கிய கிராமக் கொடையை வீரப்ப நாயக்கர் உறுதிப்படுத்தியதை அது சொல்கிறது. நாகூரில் உயர்ந்து நிற்கும் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்பதை அவ்வூருக்குப் போய்வந்தோர் அறிவர். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் ஆர்க்காட்டு நவாபின் குடும்பக் கொடை. கொடுத்தவர் முஸ்லிமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடை பொறுப்பாகக் காக்கப்பட்டது. ஆட்சி மாறியபோது புதிய அரசரிடம் பழைய சான்றைக் காட்டி மறு உறுதி பெறுவதே அந்நாளைய வழக்கமாக இருந்தது.

எல்லாக் கொடைகளுக்கும் கல்வெட்டோ செப்பேடோ கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஊரார் கூடி ஒதுக்கிய தொழுமிடம், நூற்றாண்டுகளாக அடக்கம் செய்துவரும் கபரஸ்தான், வழிப்போக்கர் தங்கிய முசாஃபர்கானா, குளத்தங்கரைத் தைக்கா ஆகியவற்றுக்கு எழுத்து இல்லை, பயன்பாடே சான்று. நெடுங்காலம் தடையின்றிப் பொது வணக்கத்துக்கோ அடக்கத்துக்கோ பயன்பட்டுவந்த இடம் அப்பயன்பாட்டினாலேயே வக்ஃபு ஆகும் என்ற விதியை இந்திய நீதிமன்றங்கள் ஏற்றுவந்தன. அயோத்தி வழக்கின் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதை நிறுவ உயர்ந்த அளவிலான சான்று தேவை என்றும் அத்தீர்ப்பு கூறியது. கோட்பாடு இருந்தும் சான்று போதவில்லை எனில் பயனில்லை என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இனாம் பதிவேட்டில் விழுந்த பெயர்

ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சியில் 1817ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குமுறைச் சட்டம் பள்ளிவாசல், கோயில், சத்திரம் ஆகியவற்றின் மானிய நிலங்களை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. பிற சமயத்தாரின் அறநிலையங்களை அரசு நிர்வகிப்பது தகாது என்ற எதிர்ப்பு எழவே, 1863ஆம் ஆண்டின் 20ஆவது சட்டத்தின் மூலம் அரசு ஒதுங்கிக்கொண்டு, பொறுப்பை அறங்காவலர்களிடமும் குழுக்களிடமும் ஒப்படைத்தது. மேற்பார்வை நீங்கியது. அந்த இடைவெளியில் கைமாறிய சொத்துக்கள் எத்தனையோ.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் ஒவ்வொரு மானிய நிலத்தையும் விசாரித்து, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, யார் அனுபவிப்பது என்று பதிவேட்டில் எழுதியது. இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் எனப்படும் அப்பதிவேடு இன்றும் நம் மாநில நீதிமன்றங்களில் மிகுந்த மதிப்புடைய சான்று. தர்மத்தின் பெயரால் எழுதப்பட்ட இடங்களில் அது வக்ஃபுக்கு அரணாயிற்று. ஆனால் காஜி, கதீப், முஜாவர் போன்ற ஊழியர்களின் பராமரிப்புக்காக விடப்பட்ட நிலங்களில் ஒரு சிக்கல் நேர்ந்தது. ஊழியம் செய்தவரின் பெயரே அனுபவதாரராக எழுதப்பட்டது. பேரன் காலத்தில் அது குடும்பச் சொத்தாகத் தோன்றியது. விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டமும் வந்து இனாம்கள் ரயத்துவாரி பட்டாக்களாக மாறியபோது, ஜமாஅத்தார் விழிப்போடு மனுச் செய்த ஊரில் பட்டா பள்ளிவாசலின் பெயருக்கு வந்தது. மற்ற ஊர்களில் அனுபவித்தவரின் பெயருக்குப் போனது.

இவ்வாறான பட்டாவினால் வக்ஃபின் தன்மை அழிந்துவிடாது என்று ஆந்திர வக்ஃபு வாரியம் தொடர்பான வழக்கொன்றில் 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருமுறை வக்ஃபு ஆனது என்றும் வக்ஃபே என்ற விதி அத்தீர்ப்பில் உறுதியாயிற்று. ஆயினும், ஒருமுறை வக்ஃபு ஆனது என்பதைக் காட்டும் பொறுப்பு நம்முடையதாகவே இருக்கிறது.

1894க்கும் 1940க்கும் இடையில்

வக்ஃபின் வரலாற்றில் ஆங்கிலேய நீதிமுறை இரு பெரிய அதிர்ச்சிகளைத் தந்தது. முதலாவது 1894இல் பிரிவி கவுன்சில் அளித்த அபுல் ஃபதா வழக்கின் தீர்ப்பு. வங்காளத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் தம் சொத்தைச் சந்ததியினர்க்கும், அவர்கள் அற்றுப்போனால் விதவைகள், அநாதைகள், ஏழைகளுக்கும் உரியதாக வக்ஃபு செய்திருந்தனர். குடும்பத்தைப் பேணுவது தர்மமாகாது. ஏழைகளுக்கென்று சொன்னது வெறும் பெயரளவானது என்று கருதி அது செல்லாதென நீதிபதிகள் கூறினர். உறவினரைத் தாங்குவதே முதல் தர்மம் என்ற இஸ்லாமிய அறக்கருத்தை, தர்மம் பற்றிய ஆங்கிலக் கருத்தால் அளந்ததன் விளைவு அது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சையித் அமீர் அலி இத்தகைய பார்வையை முன்னரே மறுத்து எழுதியிருந்தார்.

அல்லாமா ஷிப்லி நுஃமானி நாடெங்கும் உலமாக்களின் கருத்தையும் மக்களின் கையொப்பங்களையும் திரட்டினார். முஹம்மத் அலி ஜின்னா 1911இல் மத்தியச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1913இல் வக்ஃபு செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது. முந்தைய வக்ஃபுகளுக்கும் அது பொருந்தும் என்று 1930இல் மற்றொரு சட்டம் வந்தது. சிறுபான்மைச் சமுதாயம் ஒன்று அறிவாலும் சட்டவழி முயற்சியாலும் தன் மரபுரிமையை மீட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. உலமாவும் வழக்கறிஞரும் சட்டமன்ற உறுப்பினரும் ஒரே கோரிக்கையில் இணைந்து நின்றதே அவ்வெற்றியின் அடிப்படை.

இரண்டாவது அதிர்ச்சி லாகூர் ஷஹீத்கஞ்ச் வழக்கு. 1722இல் வக்ஃபு செய்யப்பட்ட அப்பள்ளிவாசல் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சீக்கியரின் அனுபவத்தில் இருந்தது. 1935இல் கட்டடம் இடிக்கப்பட்டது. வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1940இல் தீர்ப்பு வந்தது. வக்ஃபுக்குப் பத்திரம் இருந்ததை எவரும் மறுக்கவில்லை. ஆனால் நெடுங்காலம் எதிரிடை அனுபோகத்தில் இருந்த சொத்தைக் காலவரையறைச் சட்டத்தைக் கடந்து மீட்க முடியாது. பள்ளிவாசல் நிலமும் இதற்கு விலக்கல்ல என்று முடிவாயிற்று. பத்திரம் இருந்தும் பொறுப்பாளர் உரிய காலத்தில் வழக்கிடாவிட்டால் என்னவாகும் என்பதற்கு இவ்வழக்கு நிலையான பாடம்.

விடுதலைக்குப் பின்

1923ஆம் ஆண்டின் சட்டமே முத்தவல்லிகள் சொத்து விவரத்தையும் ஆண்டுக் கணக்கையும் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. 1954ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம் மாநில வாரியங்களையும், அரசே ஆணையரை நியமித்து வக்ஃபுகளை அளந்து கெஜட்டில் வெளியிடும் முறையையும் கொண்டுவந்தது. நாட்டுப் பிரிவினையின் கலவரத்தில் பறிபோன வக்ஃபுகளை மீட்க வழக்கிடும் காலத்தை 1959ஆம் ஆண்டுச் சட்டம் நீட்டித்தது. 1964இல் மத்திய வக்ஃபு கவுன்சில் அமைந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் தீர்ப்பாயங்களை ஏற்படுத்தியதோடு, வக்ஃபுச் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறை இல்லை என்றும் விதித்தது. ஷஹீத்கஞ்ச் தீர்ப்பு திறந்துவிட்ட கதவு அதனால் மூடப்பட்டது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் விற்பனை, அன்பளிப்பு, அடமானம் ஆகியவற்றைத் தடை செய்து, அனுமதியின்றிக் கைமாற்றுவோருக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது.

சட்டங்கள் பெருகின, பலன் பெருகியதா? 2006இல் வெளிவந்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை இதற்கு விடை தருகிறது. நாட்டில் பதிவான வக்ஃபுச் சொத்துக்கள் 4.9 லட்சம், பரப்பு சுமார் 6 லட்சம் ஏக்கர். சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய் என்று அக்குழு கணித்தது. ஆண்டு வருமானமோ 163 கோடி ரூபாய்தான். முறையாகப் பயன்படுத்தினால் 10 விழுக்காடு என்ற அளவில் 12,000 கோடி வரை கிடைக்கக்கூடும் என்றும் குழு சுட்டியது. அத்தொகை எத்தனை மாணவர்களின் படிப்பு, எத்தனை மருத்துவமனைகள், எத்தனை விதவைகளின் மாதச் செலவு என்று எண்ணிப்பார்த்தால் இழப்பின் அளவு புரியும்.

இவ்விழப்புக்குக் காரணம் இருபுறமும் உண்டு. அரசுத் துறைகளும் அரசு நிறுவனங்களுமே வக்ஃபு நிலங்களை ஆக்கிரமித்திருப்பதைச் சச்சார் அறிக்கை எடுத்துக்காட்டியது. அளவைப் பணி பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் முடிவடையாமல் கிடந்தது. மறுபுறம் நம் குறையையும் மறைப்பதற்கில்லை. கடைத்தெருவில் உள்ள வக்ஃபுக் கடைக்குப் பக்கத்துக் கடையின் வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட வராத ஊர்கள் உண்டு. அதை அனுபவிப்பவர் பெரும்பாலும் நம்மவரே. தந்தைக்குப் பின் மகன் என முத்தவல்லிப் பதவி வந்ததால் சொத்தும் அவ்வாறே வந்ததாக எண்ணும் மனப்பான்மையும் உண்டு. ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பை இன்றைய பொறுப்பாளர் எத்தனை பேர் அறிவர்?

2025ஆம் ஆண்டின் சட்டம்

இந்நிலையில்தான் 2025 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வக்ஃபுத் திருத்தச் சட்டம் ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊழலையும் நிர்வாகச் சீர்கேட்டையும் களைவது, பதிவுகளை ஒழுங்குபடுத்துவது, பெண்களின் பங்கை உறுதிசெய்வது ஆகியவை அதன் நோக்கம் என அரசு கூறியது. இந்நோக்கங்களை எவரும் மறுக்கவில்லை. சட்டத்தின் வழிமுறைகளைப் பற்றியே வாதம் எழுந்தது.

அச்சட்டம் பயன்பாட்டினால் வக்ஃபு என்னும் வகையை இனி இல்லையென நீக்கியது. முன்னரே பதிவானவை தொடரும். ஆனால் தகராறில் உள்ளவையும் அரசு நிலம் எனப்படுபவையும் இதற்கு விலக்கு. வக்ஃபு செய்பவர் குறைந்தது ஐந்தாண்டு இஸ்லாத்தைப் பின்பற்றியவராகத் தம்மைக் காட்ட வேண்டும் என்றது. பிற சமயத்தார் அளித்த சொத்துக்கள் பற்றிய பழைய 104ஆம் பிரிவை நீக்கியது. நாகூர் மினாராவையும் பிழார்ப்பள்ளியின் பள்ளிச்சந்தத்தையும் அறிந்த நமக்கு இது வருத்தம் தரும் மாற்றம். காலவரையறை இல்லை என்ற 107ஆம் பிரிவையும் அது நீக்கியது. அரசு நிலமா வக்ஃபா என்ற தகராறில், அரசின் அதிகாரியே விசாரிக்கவும், அவரது அறிக்கை வரும்வரை அச்சொத்தை வக்ஃபாகக் கருதாதிருக்கவும் விதித்தது. மத்தியக் கவுன்சிலிலும் மாநில வாரியங்களிலும் முஸ்லிமல்லாதாரை உறுப்பினராக்க வழிசெய்தது.

வழக்குகளை விசாரித்த உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15இல் இடைக்கால ஆணை வழங்கியது. ஐந்தாண்டு நிபந்தனை, அதற்கான விதிகள் வகுக்கப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. அரசு அதிகாரியே சொத்துரிமையை முடிவு செய்யும் விதிகள் நிறுத்தப்பட்டன. தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் முடிவு சொல்லும்வரை வக்ஃபுகளை வெளியேற்றவோ பதிவேடுகளை மாற்றவோ கூடாது என்றும், அதுவரை மூன்றாம் நபருக்கு உரிமை உண்டாக்கலாகாது என்றும் ஆணையிடப்பட்டது. கவுன்சிலின் 22 பேரில் முஸ்லிமல்லாதார் நால்வருக்கும், வாரியத்தின் 11 பேரில் மூவருக்கும் மேற்படலாகாது என வரம்பு இடப்பட்டது. ஆனால் பயன்பாட்டு வக்ஃபு நீக்கம், கட்டாயப் பதிவு, காலவரையறை ஆகிய மூன்றும் அவ்வாணையில் நிறுத்தப்படவில்லை. பதிவு என்பது 1923 முதலே சட்டம் கேட்டுவந்த ஒன்று என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு ஒவ்வொரு சமயப் பிரிவுக்கும் அறநிலையங்களை நிறுவவும், சொத்துக்களை உடைமையாகக் கொள்ளவும், சட்டப்படி அவற்றை நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம். ஆனால் நிர்வாக உரிமையையே சமயப் பிரிவிடமிருந்து முற்றாகப் பறித்து வேறொருவரிடம் தரும் சட்டம் இப்பிரிவை மீறுவதாகும் என்று 1954இல் ரதிலால் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அது சமண சமயத்தவர் தொடுத்த வழக்கு. ஆனால் அதன் பயன் எல்லாச் சமயத்தார்க்கும் பொது. ஒழுங்குபடுத்துவதற்கும் பறிப்பதற்கும் இடையே உள்ள அந்தக் கோட்டை எங்கே வரைவது என்பதே 2025ஆம் ஆண்டுச் சட்டம் எழுப்பியுள்ள அடிப்படைக் கேள்வி. நூற்றாண்டுப் பழமையான கபரஸ்தானுக்குப் பத்திரம் கேட்பது, எழுத்தறியா மூதாதையரிடம் எழுத்தைக் கேட்பதாகும் என்ற நம் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அவ்வாதத்தை நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் இடைவிடாது எடுத்துரைக்கத்தான் வேண்டும்.

நம் கையில் உள்ளவை

நீதிமன்றத்தின் முடிவு எப்படி அமைந்தாலும் சில பணிகள் நம்முடையவை. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத் முதலில் செய்யவேண்டியது, தன் வக்ஃபுகளுக்கு ஒரு முழுமையான கோப்பு உருவாக்குவது. மூலப் பத்திரம் இருந்தால் அதன் சான்றிட்ட நகல்; இல்லையெனில் இனாம் பதிவேட்டின் நகல், நில அளவைப் பதிவேடு, அடங்கல், பழைய கெஜட் பட்டியல், வில்லங்கச் சான்று, வரி ரசீதுகள், பழைய வழக்குத் தீர்ப்புகள் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். கபரஸ்தானாயின் அடக்கப் பதிவேடு. பள்ளிவாசலாயின் பழைய வரவு செலவுக் குறிப்புகளும் மின் கட்டண ரசீதுகளும்கூடச் சான்றே. ஊரின் முதியவர்களிடம் எல்லைகளைக் கேட்டுக் கையொப்பத்துடன் எழுதிவைப்பதும் தேவை. அவர்களோடு மறையும் அறிவு பின்னர் எங்கும் கிடைக்காது. இவற்றின் ஒரு படி பள்ளிவாசலில், ஒரு படி வாரியத்தில், ஒரு படி வெளியூரில் பாதுகாப்பாக இருக்க வேண்டும். தலைவர் வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டு, அவர் காலமானபின் சாவி தேடப்படும் நிலை இனியும் நீடிக்கலாகாது.

அடுத்தது குத்தகையும் வாடகையும். ஆக்கிரமிப்பாளருக்கு அறிவிப்பு அனுப்பாமல் ஆண்டுகளைக் கடத்தும் பழக்கம் முன்பு குறையாக இருந்தது. காலவரையறை மீண்டும் வந்தபின் அதுவே சொத்தை இழப்பதற்கு வழியாகிவிடும். தனியார் நிலத்தைப் போலவே வக்ஃபு நிலத்துக்கும் 12 ஆண்டு எதிரிடை அனுபோகம் என்ற அச்சம் இனி உண்டு. ஆகவே ஒவ்வொரு குத்தகையும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ரசீதும் வக்ஃபின் பெயரில் தரப்பட வேண்டும். வாடகைதாரர் நம் உறவினராக இருப்பது அவருக்குச் சலுகை தரும் காரணமாகாது.

மூன்றாவது கணக்கு. ஆண்டுக்கொருமுறை ஜும்ஆவுக்குப் பின் வரவு செலவை வாசித்து, தணிக்கையாளர் சான்றுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் ஜமாஅத்தில் ஐயமும் வதந்தியும் எழுவதற்கு இடமில்லை. வெளியார் தலையீட்டை எதிர்க்கும் தார்மிக வலிமையும் அத்தகைய ஜமாஅத்துக்கே உண்டு. முதல் வக்ஃபின் பொறுப்பாளர் ஒரு பெண்மணி என்பதை நினைவில் கொண்டு, பெண்களைப் பொறுப்பில் அமர்த்துவதை நாமே முன்வந்து செய்திருந்தால், அதைச் சீர்திருத்தமாகச் சொல்லி எவரும் சட்டம் கொண்டுவரத் தேவை இருந்திருக்காது.

1913இன் வெற்றி அறிவும் ஒற்றுமையும் தந்தது. 1940இன் தோல்வி காலம் தாழ்த்தியதன் விலை. இரண்டும் நம் முன்னோரின் அனுபவங்களே. உமர் (ரலி) அவர்களின் பத்திரம் அவர்களின் கொள்ளுப்பேரர் கையில் இருந்தது. கேட்டவருக்கு அவர் நகல் எடுத்துக் கொடுத்தார். நம் கொள்ளுப்பேரர்களிடம் ஒருவர் வந்து கேட்டால் அவர்கள் எடுத்துக்கொடுக்க ஒரு தாளேனும் இருக்க வேண்டும். அத்தாளைத் தேடி எடுத்துப் பதிவுசெய்து வைக்கும் பணி இவ்வாரமே, நம் மஹல்லாவிலிருந்தே தொடங்கட்டும்.